சம்பளத்தோடு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தெருவில் பிள்ளை பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்குச் சம்பளம் பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமை லீவு விட்ட முதல் ஆள் நான்தான். இதை நான் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, தெருவே சொல்லும். நல்ல மனசு என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன், அதையும் அடக்கம் என்று சேர்த்துக்கொள்வார்கள். அந்த லீவை நான் விட்டது வயிற்றெரிச்சலில். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியின் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கரண்டு கம்பத்தில் இருக்கும் வெள்ளைக் குமிழும் டீ கப்பும் செய்கிற கம்பெனி. அறுபது பெண்களின் வருகை, லீவு, போனஸ், ஆஸ்பத்திரி கார்டு எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். யாருக்கு எத்தனை நாள் லீவு மிச்சம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிள்ளை பார்த்துக்கொள்ள வந்த அவளும் முன்பு அந்த அறுபதில் ஒருத்தி. சுடுவதற்கு முன்னால் பச்சையாக இருக்கும் கப்பை இடது கையில் ஏந்தி, ஈர ஸ்பாஞ்சால் அதன் வாய் விளிம்பை ஒரே சுற்றில் துடைத்து வைக்கிற வேலை அவளுக்கு. தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமல் வந்து அவள் நின்றுவிட்ட மாதத்தில்தான், என் மகளைப் பத்து மாதம் வரை பார்த்துக்கொண்ட என் அக்கா ஊருக்குத் திரும்பினாள். எங்கள் வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டேன். வந்தாள்.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். கம்பெனி வாசலில் வரிசையாக ஆணி அடித்த பலகை ஒன்று உண்டு. வேலைக்கு வந்தவர்கள் நம்பர் போட்ட தகர டோக்கனை அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதல் நாள் என் வீட்டு நிலைப்படியில் நின்று, "டோக்கன எங்க மேடம் மாட்டறது?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். கதவோரம் இருந்த ஆணியைக் காட்டி, பையை அதில் மாட்டச் சொன்னேன். கம்பெனிப் பலகையில் மாட்டினால் கிடைக்கிற எதுவும் என் வீட்டு ஆணியில் மாட்டினால் கிடைக்காது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வாரம் ஏழு நாளும் வந்தாள்.

மூன்றே மாதத்தில் என் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. என் மகளுக்கு யார் முகம் துடைத்தாலும் ஆகாது. நான் துண்டை எடுத்தால் கழுத்தை வளைத்துக்கொண்டு அலறுவாள். அவள் ஈரத்துணியோடு வந்து குந்தினால் மட்டும் பிள்ளை முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு நீட்டுவாள். ஒரே சுற்று. பருப்புச் சோறும் போய்விடும், மூக்குச் சளியும் போய்விடும். பெற்றவளுக்குக் கிடைக்காத அந்த நீட்டிய முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஃபினிஷிங் பக்கம் போய், கழித்துப்போட்ட பச்சைக் கப்புகளை எடுத்துத் துடைத்துப் பழகினேன். முதல் கப்பின் காது கையோடு வந்துவிட்டது. இரண்டாவது விளிம்பு நசுங்கியது. பக்கத்தில் சோறு தின்றுகொண்டிருந்த பெண், "அழுத்தாதீங்க மேடம். கை சும்மா இருக்கணும், கப்புதான் சுத்தணும்" என்றாள். எதற்கு இந்த வேலை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தரம் சோதிக்கிறேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகளிடம் அதே வித்தையைக் காட்டினேன். கை சும்மா இருந்தது, அவள் சுற்றவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு சமையல்கட்டுப் பக்கம் அத்தையைத் தேடித் தவழ்ந்து போனாள். அவளை அத்தை என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், தவறிப்போய் அம்மா என்று கூப்பிட்டுவிடப் போகிறாளே என்ற பயத்தில்.

அந்த வாரம்தான் ஞாயிற்றுக்கிழமை யோசனை வந்தது. ஒரு முழு நாள் அவள் கண்ணில் படாவிட்டால் பிள்ளை என் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டேன் என்றேன். அவள் கையிலிருந்த பால் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "நான் எதனா தப்பு பண்ணிட்டனா மேடம்?" என்று கேட்டாள். லீவு என்றால் தண்டனை என்று நினைக்கும்படி நான் அவளை வைத்திருந்தேன். இல்லைம்மா, உனக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா என்று தேனாகப் பேசினேன்.

திங்கட்கிழமை தலையில் பூவோடு வந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிற தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போய் வந்தாளாம். பிள்ளையோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய் எவ்வளவு நாளாயிற்று என்று அன்று முழுக்க அதையே பேசினாள். போகிற வருகிற இடத்திலெல்லாம் சொல்லியும் இருக்கிறாள். ஒரே மாதத்தில் மற்ற வீடுகளில் வேலை பார்க்கும் பெண்களும் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டார்கள். எதிர்வீட்டு அம்மா, நீ ஊரைக் கெடுக்கிறாய் என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். பிறகு அவளும் லீவு விட்டாள். எனக்கு நல்ல பெயர் வந்தது இப்படித்தான்.

என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளை காலையிலிருந்து கதவோரம் நின்று வெறும் ஆணியைக் காட்டிக் காட்டி அழும். நான் விடவில்லை. பொங்கலுக்கு நாலு நாள், ஆடிப்பெருக்குக்கு ஒரு நாள், எங்கள் வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால் அதற்கும் ஒரு நாள் என்று லீவை அள்ளி விட்டேன். ஆனால் சம்பளத்தை ஒன்றரை வருஷம் ஒரு ரூபாய் ஏற்றவில்லை. தீபாவளிக்குப் புடவையோடு சரி, போனஸ் இல்லை. காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டு வந்தபோது அந்த மூன்று நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்தேன். என் மனசுக்குச் சௌகரியமான நாளென்றால் சம்பளத்தோடு லீவு, அவள் உடம்புக்கு முடியாத நாளென்றால் வெட்டு. இதே காரியத்தைக் கம்பெனியில் யாராவது செய்திருந்தால் நானே முதலாளியிடம் போய் நின்றிருப்பேன்.

ஒரு நாள் சாயங்காலம் பையை எடுக்காமல் நின்றாள். ஜங்ஷன் பக்கம் ஒரு டீச்சர் வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்றாள். சம்பளம் அதிகம், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் தனியாக, உடம்புக்கு முடியாவிட்டால் பிடிப்பதில்லை, ஞாயிறு லீவும் உண்டு. இங்கேயும் அப்படிச் செய்தால் பாப்பாவை விட்டுப் போக மாட்டேன் என்றாள். பேரம் பேசுகிற குரல் இல்லை அது. கம்பெனியில் லீவுச் சீட்டை நீட்டும்போது இருக்கிற அதே குரல்.

கொடுத்திருக்கலாம். எங்களால் முடியாத தொகை இல்லை. ஆனால் அவள் பேசும்போது என் மகள் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த சனியன் வாயைத் திறந்தது. "பாப்பா மேல அவ்ளோ பாசம்னு சொல்ற. பாசத்துக்குக் காசு கேக்கறியே" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. "பாசத்துக்குக் கேக்கலைங்க மேடம். அத நான் எப்பவோ குடுத்துட்டேன். வேலைக்குத்தான் கேக்கறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. மாதம் முடிந்ததும் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, போயிட்டு வரேன் மேடம் என்று சொல்லிப் போனாள். அந்த ராத்திரி எனக்கு நிம்மதியான தூக்கம் வந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அதன் பிறகு மகளைக் காப்பகத்தில் விட்டேன். ஆணியில் என் கணவர் வண்டிச் சாவியை மாட்டியபோது, "அது அத்தை ஆணி" என்று மகள் தரையில் புரண்டாள். சாவிக்கு வேறு இடம் பார்த்தோம். டீச்சரை ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலையில் பார்த்தேன். என் பையன் அவங்ககிட்டதான் ஒட்டிக்கிறான், எனக்குக் கவலையே இல்லை, நிம்மதியாக ஸ்கூலுக்குப் போய் வருகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள். எனக்கு இலையில் இருந்தது எதுவும் இறங்கவில்லை. அவளை என்னிடமிருந்து கொண்டுபோனதுகூட இரண்டாம்பட்சம். பொறாமையே இல்லாமல் ஒரு பெண்ணால் இருக்க முடிகிறதே, அந்தப் பொறாமைதான் என்னைத் தின்றது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளுக்கு இப்போது மூன்று வயது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கரும்புச்சாறு வாங்கிக்கொடுத்தேன். வாயெல்லாம் நுரை. நான் கைக்குட்டையை எடுப்பதற்குள் என் பக்கத்திலிருந்து நழுவி நாலு எட்டு ஓடினாள். அங்கே இன்னொரு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய மகள், தலைக்குப் பூ வைத்து, புதுக் கவுன் போட்டு. அந்தப் பெண்ணின் வாயைத்தான் முந்தானை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். என் மகள் அவள் முன்னால் போய் நின்று, முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு நீட்டினாள்.

அவள் பதறி எழுந்து என்னைப் பார்த்தாள். "தொடைக்கட்டுங்களா மேடம்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லும் முன்னால் அந்தச் சிறுமி முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு எங்கம்மாவுக்கு லீவு" என்றாள்.

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை என் பிள்ளை மேலேயே வைத்துக்கொண்டிருந்த அந்த முகம், ஒன்றரை வருஷம் நான் என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்தது. நானாவது சாயங்காலமானால் வீட்டுக்குப் போய் என் பிள்ளையோடு இருந்தேன். இந்தப் பிள்ளை முதலில் வாரம் ஏழு நாளும், பிறகு ஆறு நாளும் தன் அம்மாவை எங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தது.

அவள் மகளை அதட்ட வாயெடுத்தாள். திட்டாதம்மா, அவள் சொல்வது சரிதான், லீவு லீவுதான் என்றேன். என் மகள் கண்ணைத் திறக்காமல் இன்னும் முகத்தை நீட்டிக்கொண்டே நின்றாள். நான் போய்க் குந்தி என் கைக்குட்டையால் துடைத்தேன். என் கை என்று தெரிந்துபோய் ஓவென்று அழுதாள். தூக்கிக்கொண்டு நடந்தேன், வீடு வரைக்கும் அழுதாள்.