ஆடு தின்ற இறக்கையும் அண்ணன் கட்டிய இறக்கையும்

அம்மனை வணங்கித் தொடங்குகிறேன்.

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருடமாக நினைத்து, எத்தனையோ வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். அண்ணன் இருக்கும்போது எழுதியிருந்தால், "என்னப் பத்தி எழுத என்னட்டி இருக்கு, போய் உலையப் பாரு" என்று சொல்லியிருப்பார். நானோ ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஊருக்குக் கடுதாசி எழுதுவதற்கே இரண்டு முறை அடித்துத் திருத்துகிறவள். அண்ணன் இறைவனடி சேர்ந்து ஒரு வருடம் நிறைகிறது. நினைவு மலருக்காக அவருடைய மூத்த மகன் காகிதமும் பேனாவும் கொண்டுவந்து, "அத்தை, அப்பாவோட சின்ன வயசு உங்களுக்குத்தான் தெரியும்" என்று எதிரே உட்கார்ந்துவிட்டான். இனிமேல் தட்ட முடியாது. குற்றம் குறை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது இடைசெவலுக்குப் பக்கத்தில், அம்மாவின் பிறந்த ஊரில். வளர்ந்தது எல்லாம் கோவில்பட்டி. அப்பா தச்சு வேலை பார்த்தவர். வண்டிச் சக்கரமும் கலப்பையும் செய்துதான் எங்களை வளர்த்தார். எங்கள் தெரு அம்மன் கோயில் ஆடிக் கொடைத் திருவிழாவுக்குச் சப்பரம் கட்டுவது தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக் கை. அதற்குக் கூலி கிடையாது. கொடை முடிந்த மறுநாள் காலையில் அம்மனுக்குச் சாத்திய மாலையை மேளத்தோடு எங்கள் வாசலுக்குத்தான் முதலில் கொண்டுவருவார்கள். அம்மா ஈரத்தலையோடு நின்று அதை முந்தானையில் வாங்குவாள். எங்கள் வீட்டில் சொத்து என்று இருந்தது அந்த மாலை ஒன்றுதான்.

அண்ணனுக்கு மீசை அரும்புகிற வயதில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். உளியை அண்ணன் எடுத்துக்கொண்டார். நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டப் போனேன். அரை வயிற்றுக் கஞ்சி குடித்த நாட்கள் உண்டு. ஆனாலும் அண்ணன் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. சப்பரம் கட்டும் உரிமையையும் அவர் விடவில்லை. "சின்னப் பய கட்டுன சப்பரம் தாங்குமா?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். தாங்கியது.

சொல்ல வந்த விஷயம் ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. எங்கள் கோயிலில் சப்பரம் அரசமரத்தடிக்கு வரும்போது மரத்தின் மேலிருந்து அம்மன் மீது பூத் தூவுவது வழக்கம். முந்தின வருடம் அப்படி ஏறிய ஒருவர் கால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கிப்போனதை அண்ணன் பார்த்தார். அன்றிலிருந்தே அவருக்கு ஒரே யோசனை. அடுத்த ஆடி நெருங்கும்போது நாட்டாமையிடம் போய், "இனி ஆள் ஏற வேண்டாம். ஒரு விமானம் செஞ்சு கயித்துல விடுதேன். அது வந்து பூவக் கொட்டும்" என்றார். நாட்டாமை வெற்றிலையைத் துப்பிவிட்டு, "செய்யி பாப்போம்" என்றார்.

அரசமரத்துக்கும் கோயில் முன்மண்டபத்துக்கும் நடுவே வடக்கயிறு கட்ட வேண்டும். அதில் ஒரு கப்பி. கப்பியில் விமானம் தொங்கும். மண்டபத்து மேல் இருப்பவர்கள் இன்னொரு கயிற்றால் இழுத்தால் அது நகர்ந்து வரும். வயிற்றில் பூக்கூடை. அதன் அடிப்பலகையைத் திறக்க ஒரு நூல். உடம்பைச் செய்துவிட்டார். இறக்கையில்தான் பாடு வந்தது. நாட்காட்டியில் இருந்த ஒரு விமானப் படத்தைச் சுவரில் ஒட்டி, அங்குலத்துக்கு ஓர் அடி என்று கணக்குப் போட்டு, பக்கத்துக்கு ஆறடி நீளத்தில் பலகையிலேயே முதலில் இறக்கை செதுக்கினார். தூக்கி மாட்டியதும் கயிறு தொய்ந்து விமானம் தரையில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமா திண்டில் சாய்ந்தபடி, "ஏலே, படத்துல ஒரு ரெக்கை குட்டையால்லா இருக்கு. நீ ரெண்டையும் ஒரே நீளமா வச்சா எப்படிலே எந்திரிக்கும்?" என்றார். "மாமா, அது பக்கவாட்டுல நின்னு எடுத்த படம்" என்றார் அண்ணன். "யாரு எடுத்தா என்ன, குட்டை குட்டைதானே" என்றார் மாமா. அண்ணன் இறக்கையைக் கழற்றத் தொடங்கினார்.

பலகையை விட்டுவிட்டு, ரயில் பாதை ஓரம் வேலியாக நின்ற ஆனைக்கற்றாழையில் காய்ந்துபோன பூந்தண்டுகளை வெட்டிக்கொண்டு வந்தார். பார்வைக்குத் தூண் மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் பஞ்சு கனம்தான். அதை இறக்கையின் முதுகெலும்பாக வைத்தார். மூங்கிலைச் சிலாம்பாகப் பிளந்து விளக்குச் சுடரில் காட்டி வளைத்து, விலா எலும்பு போல வரிசையாகக் கட்டினார். முன்விளிம்பு உருண்டையாக வர, தீப்பெட்டிக்கு உரிக்கும் மெல்லிய மரச்சீவலைச் சுற்றினார். களத்தில் இரண்டு வேப்பமரத்துக்கு இடையே கயிறு கட்டிப் பார்த்தபோது ஆடி மாதத்து மேல்காற்று அதைக் குப்புறப் புரட்டிப் போட்டது. அப்புறம் பல நாள் கரிசல் காட்டில் நின்று பருந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது காற்றில் நிற்கும்போது இரண்டு இறக்கையின் நுனியும் சற்று மேலே தூக்கி இருக்கிறது என்று வந்து சொன்னார். அதே போலத் தூக்கிக் கட்டி, பூக்கூடையை இன்னும் கீழே இறக்கினார். மறுபடி காற்று அடித்தது. விமானம் சாய்ந்தது, தானாகவே நிமிர்ந்தது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இப்போதும் சொல்லில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

எலும்பு தயார், தோல் போர்த்த வேண்டும். பட்டம் செய்யும் கலர்த்தாள் வாங்கி வந்தோம். மைதாப் பசை காய்ச்சுவது என் வேலை. தீப்பெட்டி ஆபீசில் பசை காய்ச்சினால் மயில்துத்தம் என்ற நீலக் கல்லைப் பொடித்துப் போடுவார்கள். அது விஷம். பசியில் பிள்ளைகள் பசையை வழித்துத் தின்றுவிடக் கூடாது, பூச்சியும் வரக் கூடாது என்பதற்காகப் போடுவது. நான் துத்தப் பொட்டலத்தைப் பிரித்ததும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, அம்மன் தலைக்கு மேல வாரது. அதுல விஷத்தக் கலக்குவியா?" என்றாள். அண்ணன் பொட்டலத்தை வாங்கி மடித்தார். "அம்மா சொல்லுதது சரிதான். வேண்டாம்" என்றார்.

கொடைக்கு முதல் நாள் ஒட்டி முடித்து, வீட்டுக்குப் பின்னால் பொட்டலில் காயப் போட்டுவிட்டு, சப்பரத்துக்குக் கால் நாட்டும் பூசைக்கு எல்லோரும் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் ஆறேழு ஆடுகள் இறக்கையைச் சுற்றி நிற்கின்றன. விஷம் கலக்காத மைதாப் பசை அல்லவா, ருசியாக இருந்திருக்கும். தாளைக் கிழித்து, பசையை நக்கி, ஒரு குட்டியின் வாயில் இன்னும் சிவப்புத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டுக்காரக் கோனார் வீட்டு அக்கா ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "சாமி சொத்தத் தின்னுட்டே சண்டாளி! தம்பி, இந்தக் குட்டிய அம்மனுக்கே விட்டுருதேன்" என்றாள்.

அண்ணன் குனிந்து ஒவ்வொரு மூங்கிலாகத் தொட்டுப் பார்த்தார். "எலும்பு ஒண்ணும் ஒடியலக்கா. தோலுதான் போச்சு. குட்டி இருக்கட்டும், அதுக்குத்தான் பிரசாதம் முதல்ல கெடச்சிருக்கு" என்றார். அழுதுகொண்டே அவள் சிரித்துவிட்டாள்.

சேதி கேட்டு நாட்டாமை வந்தார். தீப்பெட்டி ஊரில் அவருக்குத் தெரியாததா? "துத்தம் போடாம பசை காச்சச் சொன்னது யாருலே?" என்றார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். "நான்தான் அண்ணாச்சி, போட வேண்டாம்னேன்" என்றார் அண்ணன். நாட்டாமை இறக்கையைக் காலால் தொடாமல் சுற்றி வந்தார். "இதெல்லாம் வேண்டாம். நாளைக்கு வழக்கம் போல மரத்துல ஆள ஏத்திருதேன்" என்றார். "ஆள ஏத்த வேண்டாம் அண்ணாச்சி. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேன்" என்றார் அண்ணன். அப்போது நாட்டாமை சொன்னதைத் தெருவே கேட்டது. "சரி. ஆனா கேட்டுக்கோ. அது காத்துல புரண்டு ஒரு குச்சி அம்மன் மேல விழுந்தாலும், சப்பரத்துல உங்க வீட்டுக் கை படுதது இந்த வருசத்தோட சரி."

அவர் போய்விட்டார். அம்மா சாமி மாடத்தில் விழுந்து கும்பிட்டாள். எழுந்து வந்து துத்தப் பொட்டலத்தைத் தானே எடுத்து அம்மியில் வைத்து நுணுக்கினாள். "ஆத்தா மன்னிப்பா. காச்சுட்டி" என்றாள்.

கலர்த்தாள் கடையில் தீர்ந்துவிட்டது. அண்ணன் கடைவீதி ஜவுளிக்கடை ராவுத்தரிடம் போனார். நானும் கூடப் போனேன். அவர் விவரம் கேட்டுவிட்டு, மெல்லிய மல் துணியில் ஒரு முழுக்கட்டு அப்படியே தூக்கி வைத்தார். "அளந்து கிழிக்க நேரமில்ல தம்பி, கொண்டுபோ. கொடை முடிஞ்சதும் திருப்பிக் குடு" என்றார். "துத்தப் பசை ஒட்டியிருக்குமே பாய்" என்றார் அண்ணன். "ஒட்டட்டும். கொசுவலைக்கு ஆகும். கொசுவும் செத்துரும்ல?" என்றார். அவருடைய மகனே துணிக்கட்டைச் சைக்கிளில் வைத்து எங்கள் வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தார்.

துணிக்கு மைதா பிடிக்காது, புளியங்கொட்டைப் பசைதான் இழுத்துப் பிடிக்கும் என்றார் அண்ணன். கோனார் வீட்டு அக்கா ஆடுகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்து உரலடியில் உட்கார்ந்தாள். கை சிவக்கச் சிவக்க இடித்தாள். மறுநாள் காலை போர்த்தி முடித்து வெயிலில் வைத்தோம். அப்போது இன்னொரு சோதனை வந்தது. வெயில் பட்ட பக்கம் துணி சுருங்கி இறக்கையை வில்லாக வளைக்கத் தொடங்கியது. அண்ணன் பதறிப்போய் "திருப்புங்க, திருப்புங்க!" என்று கத்தினார். அம்மா, "என்ன, அப்பளம் மாதிரியா?" என்றாள். "அப்பளமேதான்!" என்றார். அவ்வளவுதான். தெருப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஓரம் சுருளும் முன்னே புரட்டுவது அவர்களுக்குக் கைவந்த வேலை. ஆளுக்கொரு நுனி பிடித்து, பேசிக்கொண்டும் ஏசிக்கொண்டும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் புரட்டிக் காயவைத்தார்கள். தட்டினால் மேளம் போலச் சத்தம் வந்தது. துத்தம் கலந்ததால் வெள்ளைத் துணி முழுதும் வெளிர்நீலமாகிவிட்டது. மாமா வந்து பார்த்து, "ஏலே, வானக் கலர் எந்தக் கடையில வாங்குன?" என்றார்.

பொழுது சாயும் நேரம் சப்பரம் அரசமரத்தடிக்கு வந்து, கயிற்றின் நடுவுக்கு நேர் கீழே நின்றது. மேளம் நின்றது. மண்டபத்து மேலிருந்த இளைஞர்கள் இழுக்க, விமானம் அசைந்து அசைந்து கிளம்பியது. பாதித் தூரம் வந்திருக்கும், கரிசல் புழுதியோடு காற்று வந்தது. இடது இறக்கை சரிந்தது. கூட்டம் "ஆத்தா!" என்றது. அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. நாட்டாமை அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கை ஒரு தடவை நடுங்கியது. மெதுவாக மேலே வந்து, மட்டமாக நின்றது. அண்ணன் நூலை இழுத்தார். பூ கொட்டியது. காற்றில் பாதி அம்மன் மேலும், பாதி நாட்டாமை தலையிலும் விழுந்தது.

அவர் தலையைத் தடவிக்கொண்டு, "என்னலே, எனக்கும் சேத்தே கணக்குப் போட்டியா?" என்றார். கூட்டம் சிரித்து ஓயவில்லை. மறுநாள் காலை அம்மன் மாலை எங்கள் வாசலுக்கு வந்தது. அவரே எடுத்து வந்தார். "அடுத்த வருசத்துக்கு ரெக்கையக் கழட்டிப் பத்திரமா வையி. ஆடு வராத எடமாப் பாத்து" என்றார்.

அதன் பிறகு மரத்தில் ஆள் ஏறுவது நின்றது. அண்ணன் கல்யாணம் முடித்தார். மதினி வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் மூன்று வேளை அடுப்பு எரிந்தது. எனக்குக் கல்யாணம் செய்துவைத்ததும் அண்ணன்தான். பிள்ளைகளைப் படிக்கவைத்தார். யாரிடமும் கடுஞ்சொல் பேசியதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. அம்மா போன நாள் வரை, துத்தம் வேண்டாம் என்று சொன்னது யார் என்று நாட்டாமைக்குத் தெரியவே தெரியாது.

கடைசி மாதங்களில் படுக்கையாகிவிட்டார். அப்போது பார்க்க வந்த உறவினர் ஒருவர், நர்ஸ் அம்மாவிடம் அண்ணனைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று, "அன்னைக்குக் கயிறு அறுந்து விமானம் தானாப் பறந்து கோயில மூணு சுத்து சுத்துச்சு. ரெக்கையத் தின்னது ஆடே இல்ல, அம்மன்தான் ஆடு ரூபத்துல வந்தா" என்றார். அண்ணன் கண்ணைத் திறந்தார். உறவினர் போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. "பறந்துச்சுன்னு சொன்னா, அந்த அக்கா இடிச்ச புளியங்கொட்டை என்னாவும்ட்டி? ராவுத்தர் துணி என்னாவும்? அம்மன் அவிய கையிலதான் வந்தா. மறக்காதீங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் நீளமாகப் பேசியது இல்லை.

படுக்கையில் அவரைக் குழந்தை போலப் பார்த்துக்கொண்ட மதினிக்கும் மருமகள்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த டாக்டருக்கும், முகம் சுளிக்காத நர்ஸ் அம்மாவுக்கும், இறுதிக் காரியத்தில் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், எல்லோருக்கும் முன்னால் வந்து நின்ற ராவுத்தர் வீட்டுப் பேரனுக்கும், கோனார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இதைப் படிக்கிற உறவுகளுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளைகளிடம் சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், இதில் உள்ளபடியே சொல்லுங்கள். விமானம் தானாகப் பறந்தது என்று யாராவது சொன்னால், இல்லை, கயிற்றில்தான் வந்தது, இழுத்துக் கொண்டுவந்தவர்கள் இன்னார் என்று சொல்லுங்கள்.