ஓவ்ரே வீட்டின் இரண்டு ஓட்டுகள்

லியோந்தீன் ஓவ்ரே முப்பத்தொன்பது வயதுவரை ஓட்டுப் போட்டதில்லை. நாடு அவளைக் கேட்கவில்லை. போர் முடியும் சமயத்தில் பெண்களுக்கும் ஓட்டு என்றார்கள். அதன்பின் கேள்வி மேல் கேள்வி. நகரசபைக்கு யார், அரசியலமைப்பை எழுதுவது யார், எழுதியது பிடித்ததா, பிடிக்காவிட்டால் மறுபடி எழுதுவது யார்? குண்டு விழுந்து இரண்டு வருடமாகியும் லே ஆவ்ர் துறைமுக நகரில் எங்கள் தெரு எழும்பவில்லை, மரக்கொட்டகைகளில்தான் குடியிருந்தோம். ஓட்டுப்பெட்டி மட்டும் தவறாமல் வந்தது.

அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுபவள். சாப்பிடும்போதுகூட மூன்று தடவை எழுந்துகொள்வாள். கணவன் ஆன்செல்ம் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவன், தீவிரக் கட்சிக்காரன்.

1946 மே மாதம் அரசியலமைப்பின் முதல் வரைவு ஓட்டுக்கு வந்தது. அவன் ‘ஆம்’ போட்டான், அவள் ‘இல்லை’. அவளுடைய காரணம் ரொட்டி. முந்தைய தேர்தலின்போது ரொட்டி ரேஷன் சீட்டை ஒழித்தார்கள். தேர்தல் முடிந்ததும் திரும்பக் கையில் கொடுத்தார்கள். நாட்டில் ‘இல்லை’ ஜெயித்தது. அவள் ஒருத்தியே தோற்கடித்துவிட்டதுபோல ஆன்செல்ம் மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அந்த மௌனம் நன்றாகவே கேட்டது.

அக்டோபரில் இரண்டாவது வரைவு தபாலில் வீடு வீடாக வந்தது. ஆன்செல்ம் உரக்கப் படித்தான்.

“கேளு. எல்லாத்துலயும் ஆம்பளைக்குச் சமமா பொம்பளைக்கும் உரிமை. எழுதியே குடுத்திருக்காங்க.”

“சந்தோஷம். நான் இதுக்கும் ‘இல்லை’தான்.”

“உனக்கு உரிமை குடுக்கிற தாளுக்கே ‘இல்லை’யா? உனக்கென்ன கிறுக்கா?”

“நீ சொல்றபடி போடணும்னு எந்த வரியில இருக்கு? காட்டு பார்ப்போம்.”

அப்படி ஒரு வரி இல்லாததால் அவன் வேறு வழிக்கு வந்தான்.

“உன் ஓட்டு என் ஓட்டை அடிச்சிடும். எதுக்கு ரெண்டு பேரும் வீணா நடக்கணும்? வீட்டுலயே இருந்துடலாம். உன் அட்டை என்கிட்ட இருக்கட்டும், என் அட்டை உன்கிட்ட.”

இன்னொரு மூன்று வார மௌனத்தை அவளால் தாங்க முடியாது. சம்மதித்தாள். வாக்காளர் அட்டைகள் கைமாறின.

பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இஸ்திரி போட்ட சட்டைகளுக்கே மறுபடி இஸ்திரி போட்டாள். பத்து மணிக்கு ஆன்செல்ம் தொப்பியை எடுத்தான்.

“ஒரு கிளாஸ் வைன் குடிச்சிட்டு வந்துடறேன்.”

“அந்தக் கடை பள்ளிக்கூடத்துக்கு எதிர்லதானே இருக்கு?” ஓட்டுச்சாவடி பள்ளிக்கூடத்தில்தான்.

“கடையை அங்க நானா கட்டினேன்?”

அவன் அட்டை தன் ஏப்ரன் பையில் இருக்கிறதா என்று அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. அவன் திரும்பி வந்து, சாப்பிட்டுவிட்டு, குழந்தைபோலத் தூங்கினான். அந்தத் தூக்கம் அவளை இன்னும் அலைக்கழித்தது. ஐந்தரைக்கு அவன் விழித்தபோது அவள் கோட்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

“குடையை சர்ச்சுல விட்டுட்டேன்.”

“மழையே இல்லையே.”

“வந்தா?”

பள்ளிக்கூடத்தில் பெட்டிக்குப் பின்னால் கெனெல் வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

“அட்டை எங்க, மதாம்?”

“வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. அது இல்லாம விடமாட்டீங்களா?”

சாவடி மேசையில் இருந்த மூவரும் சிரித்துவிட்டார்கள்.

“பட்டியல்ல பேர் இருக்கு, உங்களை எனக்குத் தெரியும். அது போதும். காலைல உங்க வீட்டுக்காரரும் இதையேதான் கேட்டாரு, அட்டை பொண்டாட்டிகிட்ட இருக்குன்னு.”

லியோந்தீன் அசையாமல் நின்றாள். அவளைப் பொறுத்தவரை அதுவே அதிசயம். வாக்குத் தவறப் போகிறோம் என்று கூசிக்கொண்டு வந்தவள் அவள். இப்போது அப்படியே திரும்பிவிட்டால் அவன் மட்டுமே ஏமாற்றுக்காரன், ஆயுசுக்கும் சொல்லிக்காட்டலாம். ஓட்டுப் போட்டுவிட்டால் அவளும் அவனும் ஒன்றுதான். நியாயம் வேண்டுமா, ஓட்டு வேண்டுமா? இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்று அந்தத் தாளில் எந்த வரியிலும் இல்லை.

“ஆறு மணிக்குப் பூட்டிடுவோம், மதாம்.”

‘ஆம்’, ‘இல்லை’ என்று அச்சடித்த இரண்டு சீட்டுகளையும் ஓர் உறையையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். ஆணுக்குச் சமமாக நின்று, ஆணுக்குச் சமம் என்ற சட்டத்துக்கு ‘இல்லை’ போட்டாள். உறை பெட்டிக்குள் விழுந்ததும் கெனெல் வழக்கம்போல், “ஓட்டுப் போட்டாச்சு!” என்று கூவினார்.

‘ஆம்’ சுமார் பத்து லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. நாட்டில் மூன்றில் ஒரு பங்கு ‘ஆம்’, ஒரு பங்கு ‘இல்லை’, ஒரு பங்கு வீட்டிலேயே இருந்துவிட்டது. புதிய குடியரசு இப்படித்தான் பிறந்தது. ஓவ்ரே தம்பதி தங்களை மூன்றாவது பங்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஓட்டே போடாதவன் எப்படிக் கொண்டாடுவது? ஆன்செல்ம் ஒரு வாரம் ஆனந்தத்தை இருமலாக மாற்றி இருமினான். அவளும் முணுமுணுக்க வழியின்றி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

நவம்பர் பத்தாம் தேதி நாடாளுமன்றத் தேர்தல். ஏழரை மணிக்கே சுவருக்கு அப்பால் பேச்சு கேட்டது.

“எங்க காலங்காத்தால?”

“ஓட்டுப் போட.”

“நாம பேசிக்கிட்டது என்னாச்சு?”

“போன மாசம் கெனெல் வாத்தியார் உன்னைப் பத்தி ரொம்ப நேரம் பேசினாரு.”

கதவு திறந்தது. முன்னால் லியோந்தீன், விறுவிறுவென்று. அவளுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று பின்னால் ஆன்செல்ம், ஒரு கன்னத்தில் சவர நுரையோடு.