மூன்று முறை அணைந்த பாய்லர்

இது நடந்தது. கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். தோலோன் சிரிக்க மாட்டான். பிஷ்கெக் நகரத்தின் ஓரத்துக் குடியிருப்பில் மினிபஸ் ஓட்டுகிறவன் அவன். வண்டியில் யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால், "உங்க ஸ்டாப் வந்தாச்சு, இறங்குங்க" என்று பேச்சை வெட்டிவிடுவான். அப்படிப்பட்டவன் வாயாலேயே கேட்டதால்தான் நான் இதை எழுதுகிறேன்.

ஜனவரி மாதம். வெளியே மைனஸ் பதினெட்டு. அவன் மனைவி சயிரா ஆஸ்பத்திரியில் இருந்தாள். எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்த பெண் குழந்தை, இரண்டு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்துவிட்டு அப்போதுதான் தாயின் பக்கத்துக்கு வந்திருந்தது. பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கூடவே ஒரு கண்டிஷன். வீடு கதகதப்பாக இருக்க வேண்டும், கரிப்புகை வாடையே ஆகாது, குழந்தையின் நுரையீரல் இன்னும் பிஞ்சு.

கரிப்புகை ஆகாதென்றுதானே அவன் போன இலையுதிர் காலத்திலேயே நிலக்கரி அடுப்பை உடைத்துத் தெருவில் போட்டான்! கேஸ் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இழுத்தடித்து, நடுக் குளிரில்தான் வந்தது. கரண்ட் ஹீட்டர் போட்டால் ஃபியூஸ் போனது. கோட்டைக் கழற்றாமலே தூங்கினான் மனுஷன். கடைசியில், வீட்டைச் சூடாக்கும் புது கேஸ் பாய்லர் சமையலறை மூலையில் வெள்ளை வெளேரென்று புது மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றது. பழைய அடுப்பின் செங்கல் புகைபோக்கியிலேயே அதன் குழாயைச் செருகி, தண்ணீரும் நிரப்பிவிட்டார் ஃபிட்டர் ஈசா. பற்ற வைப்பதுதான் பாக்கி. அதற்கு நாள் குறித்தவர் அன்று மதியம் போன் பண்ணினார்.

"தம்பி, ரோடு பூரா பனி. வண்டி நகர மாட்டேங்குது. நாளைக்கு வரேன்."

"நாளைக்குக் குழந்தை வருது அண்ணே! வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு."

"அதுக்கு நான் பறந்தா வர முடியும்?"

"அப்ப நானே பத்த வைக்கிறேன்."

"தொடாதே. முதல் தடவை நான் இல்லாம கூடாது."

தோலோன் விடவில்லை. கெஞ்சினான், கத்தினான். ஈசாவும் கத்தினார். கத்திக்கொண்டே வழியும் சொல்லிவிட்டார். ஜன்னலைத் திறந்து வை. குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை பூசு, குமிழி வந்தால் கேஸை மூடிவிட்டு வெளியே போ. கடைசியாக, தீக்குச்சியைக் கொளுத்திப் புகைக்குழாயின் வாயருகே பிடி.

"குழாய் சுடரை உள்ளே இழுக்கணும். இழுக்கலேன்னா பாய்லர் பக்கமே போகாதே. புரியுதா?"

புரிந்தது. குமிழி வரவில்லை. தீக்குச்சியைப் பிடித்தான். குழாய் சுடரை உள்ளேயும் இழுக்கவில்லை, வெளியேயும் தள்ளவில்லை. சுடர் நட்டு வைத்த மாதிரி நேராக நின்றது. இன்னொரு குச்சி. அதுவும் அப்படியே. 'வெளியே தள்ளலையே, அது போதும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எரிச்சலில் இருப்பவனுக்கு எல்லாமே போதும்தான்.

பாய்லரின் திருகு குமிழை அழுத்திப் பிடித்தான். முப்பது வரை எண்ணினான். சின்னச் சுடர் நின்றது. குமிழைத் திருப்பினான். புஸ்ஸென்று நீலத் தீ வரிசையாகப் பரவியது. உடனே சயிராவுக்குப் போன் போட்டான்.

"எரியுது! எரியுதுடி!"

"காது போச்சு. மெதுவாச் சொல்லுங்க, பாப்பா தூங்குறா."

ஜன்னலைச் சாத்தினான். பாய்லரின் வெந்நீர் ஓடும் சுவர் ரேடியேட்டரில் அடைத்திருக்கும் காற்றை வெளியேற்றப் படுக்கையறைக்குப் போனான். திருகைத் தளர்த்தினான். ஸ்ஸ்ஸ் என்று காற்று வந்தது. அப்போது சமையலறையில் இன்னொரு சத்தம்...

ஃபூ.

சூடான டீயை யாரோ ஊதிக் குடிக்கிற மாதிரி. அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் காலடியில் சில்லென்று குளிர் ஓடியது. எழுந்து போய்ப் பார்த்தான். பாய்லர் அணைந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது.

'சரியாச் சாத்தியிருக்க மாட்டேன், காத்துல அணைஞ்சிருக்கும்.' அப்படித்தான் நினைத்தான். குனிந்து பார்த்தபோதுதான் குமிழ் கண்ணில் பட்டது. அது பூஜ்யத்தில் இருந்தது. காற்று தீயை அணைக்கும். குமிழைத் திருப்புமா?

தோலோனுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. பாய்லர் செய்தவனைத் திட்டினான், விற்றவனைத் திட்டினான், ஈசாவின் வண்டியைத் திட்டினான். ஜன்னலைச் சாத்தி, கொண்டியைக் கம்பியால் முறுக்கிக் கட்டினான். மறுபடி குமிழை அழுத்தி முப்பது எண்ணினான். தீ பிடித்தது. அதே வேகத்தில் படுக்கையறைக்கு வந்து, அக்கா கலிச்சாவுக்குப் போன். பக்கத்துத் தெருவில்தான் அவள் வீடு. வீட்டுச் சாவி அவளிடமும் ஒன்று உண்டு.

"அக்கா, நீ இங்க வந்தியா?"

"எதுக்குடா வரப்போறேன்? நாளைக்கு ஜனம் வருமேன்னு போர்சோக் பொரிக்க மாவு பிசைஞ்சுட்டிருக்கேன். கையெல்லாம் மாவு."

"அப்ப ஜன்னலைத் திறந்தது யாரு?"

"என்னைக் கேட்டா? பேயைக் கேளு."

ஃபூ... ஃபூ...

போனைப் போட்டுவிட்டு ஓடினான்.

அணைந்திருந்தது. குமிழ் பூஜ்யத்தில். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அவன் முறுக்கிய கம்பி பிரிந்து கீழே கிடந்தது. எட்டிப் பார்த்தான். ஜன்னலுக்குக் கீழே காலையில் விழுந்த பனி அப்படியே இருந்தது. ஒரு காலடி இல்லை... ஒரு பூனைத் தடம்கூட இல்லை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவனுக்கு. பயத்தில் அல்ல, ஆத்திரத்தில். வீடு சூடாகவில்லை என்றால் குழந்தையை அனுப்ப மாட்டார்கள். ஊரெல்லாம் எரிகிறது, இவன் வீட்டில் மட்டும் எரியாதா? வாசலைப் பூட்டினான். ஜன்னலை இறுகச் சாத்தி, முக்காலியைப் பாய்லருக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"யாரா இருந்தாலும் வா. என் கண்ணு முன்னாடி அணை பார்ப்போம்!"

மூன்றாவது முறை பற்ற வைத்தான்.

எரிந்தது. நன்றாக எரிந்தது. ரேடியேட்டர் வெதுவெதுப்பானது. கோட்டு பொத்தானைக் கழற்றினான். எத்தனை நாளாயிற்று! உடம்பெல்லாம் இளகியது. வெளியே மாலை மங்கிக்கொண்டிருந்தது. சன்னமான தலைவலி. குளிரில் அலைந்ததால் இருக்கும் என்று நினைத்தான். கொட்டாவி வந்தது. இன்னொன்று. தீ நீலமாக இல்லை, மஞ்சளாகச் சோம்பி ஆடியது. அதுவும் அழகாகத்தான் இருந்தது...

தலை தொங்கியது.

எழுந்திருக்க நினைத்தான். கால் கேட்கவில்லை.

கை கேட்கவில்லை.

அப்போது கன்னத்துக்குப் பக்கத்தில்... மூச்சு.

சின்ன மூச்சு. திணறுகிற மூச்சு.

ஃபூ.

தீ சாய்ந்தது. அணையவில்லை.

ஃபூ...

பாதி அணைந்தது.

ஃபூஊஊ...

இருட்டு.

டிக். டிக். டிக். குமிழ் தானாகத் திரும்பியது. அவன் கண்ணெதிரே.

ஜன்னல் திறந்தது.

பனிக்காற்று முகத்தில் அறைந்தது. முக்காலியிலிருந்து விழுந்தான். எப்படித் தவழ்ந்தான், எப்படிப் பூட்டைத் திறந்தான் என்பதெல்லாம் அவனுக்கு நினைவில்லை. வாசற்படியில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவனை, போர்சோக் பாத்திரத்தோடு வந்த கலிச்சாதான் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"குடிச்சியாடா? நாளைக்குக் குழந்தை வருது, இன்னிக்குக் குடியா?"

அன்றிரவு அவள் வீட்டிலேயே படுத்தான்.

மறுநாள் காலையிலேயே ஈசா வந்துவிட்டார். ரோட்டைச் சுத்தம் பண்ணியிருந்தார்கள். தீக்குச்சி ஆடாமல் நின்றது என்று சொன்னதுமே அவர் முகம் மாறியது. ஏணி போட்டுக் கூரையில் ஏறினார். புகைபோக்கிக்குள் கையை விட்டு எதையோ இழுத்தார். கனமான பழைய கம்பளித் துண்டு ஒன்று, சுருட்டி, திணித்து, மேலே ஒரு செங்கலும் வைத்து அடைத்திருந்தது. கீழே நின்ற கலிச்சா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான்டா... உங்க அத்தானை ஏத்தி அடைக்கச் சொன்னேன். சயிரா மாசமா இருந்தப்போ. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுல அல்பார்ஸ்திப் பிசாசு புகைபோக்கி வழியாத்தான் இறங்கும். நுரையீரலைப் பிடுங்கிட்டுப் போயிடும். அடுப்பைத்தான் உடைச்சுட்டியே, சும்மா கிடக்கிற ஓட்டைதானேன்னு..."

"சொல்லக் கூடாதா அக்கா!"

"சொன்னா நீ கேலி பண்ணுவே!"

ஈசா இறங்கி வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"புகை பூரா உள்ளேயே சுத்தியிருக்கு. வாடையே தெரியாது, தூக்கம்தான் வரும். இன்னும் கொஞ்ச நேரம் எரிஞ்சிருந்தா நீ எழுந்திருக்கவே மாட்டே. யாரு அணைச்சது?"

"நான் அணைக்கல."

"அப்ப அதுவே அணைஞ்சிருக்கும். புகை திரும்பினா நிறுத்த ஒரு சென்சார் இருக்கு, அதுதான்..."

பாதியில் நிறுத்தினார். தன் பையைத் திறந்து பார்த்தார். அந்த சென்சார் பிரிக்காத கவரோடு பைக்குள்ளேயே இருந்தது. இன்றைக்குத்தான் மாட்டுவதாக இருந்தார். தோலோனின் முகத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினார்.

இந்தத் தடவை தீக்குச்சிச் சுடரைக் குழாய் சரசரவென்று உள்ளே இழுத்தது. பாய்லர் எரிந்தது. நின்று எரிந்தது. மத்தியானத்துக்குள் வீடு சூடாகிவிட, சாயங்காலம் சயிராவும் குழந்தையும் வந்தார்கள். நடந்ததை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று அக்காவும் தம்பியும் பேசி வைத்திருந்தார்கள். பச்சை உடம்புக்காரி, பயந்துவிடுவாள்.

குழந்தையைக் கட்டிலில் போட்டுவிட்டு, சயிராவே ஆரம்பித்தாள். சலிப்பாக.

"அந்த ஆஸ்பத்திரியில சுத்தமே இல்ல. நேத்து மூணு தடவை பாப்பா உதட்டைச் சுத்திக் கரி. நர்ஸம்மா என்னைத் திட்டுது, நான் அதைத் திட்டுறேன்."

"கரியா? எப்போ?"

"நீங்க எரியுதுன்னு கத்துனீங்களே, போனை வெச்ச கொஞ்ச நேரத்துல. தூக்கத்துலயே உதட்டைக் குவிச்சு ஃபூன்னு ஊதினா. நாங்க சிரிச்சோம். துடைச்சா துணி கறுப்பா இருக்கு. அப்புறம் இன்னொரு தடவை. கடைசியா இருட்டுற நேரத்துல... அதை நினைச்சாதான் எனக்கு இப்பவும் உதறுது."

தோலோன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன ஆச்சு?"

"மூணு தடவை விட்டு விட்டு ஊதினா. ஊத முடியல அவளுக்கு. முகமே நீலமாயிடுச்சு. டாக்டர் ஓடி வந்தாங்க. அதுக்குள்ள எங்கயோ ஓடிட்டு வந்த மாதிரி மேல்மூச்சு வாங்கினா. கையைத் தொட்டா ஐஸ். அப்படியே தூங்கினவதான், காலையில டாக்டரம்மா சோதிச்சுப் பார்த்துட்டு, ஒண்ணுமில்ல போகலாம்னாங்க... ஏங்க, ஏன் அழறீங்க? இப்ப நல்லாத்தானே இருக்கா!"