காய்ச்சலோடு ஓடிய ஞாயிறு

தைல நெடியோடு, மெஷினைக் குளிரவைக்கும் கூலண்ட் எண்ணெயின் வாடையும் கலந்து வந்தால் இப்போதும் என் கால்கள் தாமாக விறைக்கின்றன. இன்று காலை கம்பெனி பஸ்ஸில் யாரோ முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைத் திறந்தேன். காற்றோடு அவன் நினைப்பும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்தவன், திருநெல்வேலிப் பக்கம். அவனுடைய அப்பா நாற்பத்துச் சொச்சம் வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே சாய்ந்தவர். அந்த வயது தன்னை நெருங்க நெருங்க, இவன் ஓடத் தொடங்கினான். என்னையும் இழுத்துக்கொண்டான். ஓசூரைத் தாண்டி, ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் குடில்களைத் தாண்டி, கெலவரப்பள்ளி அணைவரை. மதகுக்குக் கீழே வெள்ளை நுரை பொங்கிக் கிடக்கும். பின்னால் நாய் எதுவும் வரலையே என்று அங்கே ஆடு மேய்ப்பவர் ஒருவர் கன்னடத்தில் கேலி செய்வார்.

மெஷின்களிடம் அவன் வேறு ஆள். மெஷினை நிறுத்தி எண்ணெய் மாற்றி ஆறவிடும் நாள் வந்துவிட்டால், சூப்பர்வைசர் எவ்வளவு கெஞ்சினாலும் விடமாட்டான். சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வான். ஆனால் தன் வார லீவு வந்தால், அன்றைக்குத்தான் இருப்பதிலேயே நீண்ட ஓட்டம். நைட் ஷிப்ட் முடிந்து, கூலண்ட் வாடை போகாத காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, சிவந்த கண்ணோடு நேராக ரோட்டுக்கு வருவான்.

"மெஷினுக்குக் குடுக்கற லீவ ஒனக்கும் ஒரு நாள் குடேம்பா" என்றேன்.

"மெஷினோட அப்பன் நெஞ்சு வலியில போவல வே."



அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டிருந்தான். கையைத் தொட்டுப் பார்த்துத் திரும்பிப் போகச் சொன்னேன். வேர்த்தால் இறங்கிவிடும் என்று முன்னால் ஓடினான். அணைக் கரையில், ஷூ இறுக்குகிறது என்று உட்கார்ந்தான். அவன் கை போனது ஷூவுக்கு அல்ல, நெஞ்சுக்கு. ஆடு மேய்ப்பவர்தான் ஓடிப்போய் ஆட்டோ கூட்டி வந்தார். அன்று அவர் கேலி செய்யவில்லை.

காய்ச்சல் இதயத் தசையில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஓடுவது தப்பில்லை, ஓடிய களைப்பு ஆறும்போதுதான் இதயம் பலம் கூட்டிக்கொள்ளும், அந்த நேரத்தை நீங்கள் கொடுக்கவே இல்லை என்றார். பிழைத்தான். ஆனால் பழைய துடிப்பு திரும்பவில்லை. ஓடக்கூடாது, ராத்திரி வேலை கூடாது. பகல் வேலை மட்டும் கொடுக்கக் கம்பெனியில் இடமில்லை. அப்பாவைப் போல் ஆகிவிடக்கூடாது என்று ஓடியவன், அப்பாவின் ஊருக்கே டிக்கெட் எடுத்தான்.

பஸ் ஸ்டாண்டில் அவன் மனைவி அவனைப் பையைத் தொடவிடவில்லை. இரண்டு படி ஏறியதற்கே கம்பியைப் பிடித்து நின்றான். மேடும் பள்ளமும் ஒன்றுபோல ஓடிய கால்கள். நான் வேறு பக்கம் பார்த்தேன். டிரைவர் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"நாளைக்கு ஓடப் போறீரா வே?"

"லேசா சளி பிடிச்சிருக்குப்பா. போகல."

பஸ் நகர்ந்தது.

"அப்ப நல்லாத் தூங்கும் வே."