பரீட்சை முடியட்டும்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் உரக்கத் தும்மியதுகூடக் கிடையாது. கேபிள் இணைப்பை ஜூன் மாதமே நிறுத்தினேன். குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் என் மனைவி ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். சொந்தக்காரர்கள் போன் செய்தால் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுவாள். மிக்சி ஓட்டலாம் என்ற நேரங்களை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியவன் நான். அரசு அலுவலகத்தில் இருபத்தைந்து வருடம் கோப்பு தள்ளியவனுக்கு வீடும் ஒரு செக்‌ஷன் மாதிரிதான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தது. கெட்ட செய்தி எதுவும் பரீட்சை முடியும்வரை மகள் காதுக்குப் போகக்கூடாது. மாயவரத்தில் என் சித்தப்பா இறந்தபோது, கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் நானும் மனைவியும் கிளம்பினோம். காரியத்தை முடித்து, அங்கேயே தலைமுழுகி, ஈரத்தலை காயும்வரை பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்து, வரும்போது அரைக்கிலோ லட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். "கல்யாணம் எப்படிப்பா இருந்துச்சு?" என்று மகள் கேட்டாள். "சாப்பாடு பிரமாதம்" என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது பெருமையாக இருந்தது.

இதில் நான் மட்டும் அதிசயப் பிறவி இல்லை. எங்கள் ஊரான கோவில்பத்தில் பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீடு எல்லாமே அந்த வருடம் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. வழக்கமாகக் காலையில் ஒரு மணி நேரம் நடப்பேன். அந்த வருடம் அந்த நேரத்தில் மகளை டியூஷனுக்கு வண்டியில் கொண்டுபோய் விட வேண்டியிருந்ததால் நடை நின்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்ப்பதும் நின்றது. பரீட்சை முடியட்டும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டேன்.

பரீட்சை தொடங்கப் பத்து நாள் இருந்தபோது, மகளுக்கு அஷ்டமச் சனி நடக்கிறது என்று ஒரு ஜோசியர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டார். என் மனைவி பயந்துபோனாள். எங்கெங்கிருந்தோ ரயிலேறி வருகிறார்கள், நமக்குத் திருநள்ளாறு வண்டியில் கால்மணி நேரம், போகாமல் இருக்கலாமா என்றாள். சனிக்கிழமை போனேன். கூட்டத்தில் நின்று தரிசனம் முடியும்போது உச்சிவெயில். பிரகாரத்தில் ஒன்பது சுற்று வருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். வெளியூர்க்காரர்கள் எல்லாம் தேங்காய் நார் விரிப்பில் நெருக்கியடித்துக்கொண்டு நடந்தார்கள். விரிப்பை விட்டு இறங்கியவர்கள் நெருப்பை மிதித்த மாதிரி குதித்துக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் சுடுகல்லின் மேல் நிதானமாக நடந்தேன். எனக்குச் சுடவே இல்லை. மகளுக்காக நடப்பதால்தான் சுடவில்லை என்று நினைத்தேன். ஓர் அம்மாள் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதில் வேறு மார்பு நிமிர்ந்தது.

மறுநாள் குளிக்கும்போதுதான் வலது பெருவிரலுக்கு அடியில் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம் இருப்பதைப் பார்த்தேன். வலி என்று ஒன்று இல்லவே இல்லை. சர்க்கரைக்காரனுக்குக் கால் மரத்துப்போகும் என்று டாக்டர் எப்போதோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்தி என்று நான் நினைத்தது மரத்துப்போன கால்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போனால் கட்டுப் போடுவார்கள், கட்டைப் பார்த்தால் மனைவி அழுவாள், அவள் அழுதால் மகள் புத்தகத்தை மூடிவிடுவாள். இந்தக் கணக்கைப் போட்டு முடிக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்குள் சாக்ஸ் போட ஆரம்பித்தேன். பித்தவெடிப்புக்குக் களிம்பு போட்டிருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அலுவலகத்துக்குச் செருப்பை விட்டு ஷூ போட்டுக்கொண்டு போனேன்.

தமிழ்ப் பரீட்சை அன்று கொப்புளம் உடைந்திருந்தது. ஆங்கிலம் அன்று சீழ் வைத்திருந்தது. குளியலறைக் கதவைத் தாழிட்டு, முகம் பார்க்கும் சிறிய கண்ணாடியைத் தரையில் வைத்து அதற்கு மேல் காலைப் பிடித்துத் தினமும் பார்ப்பேன். மருந்துக்கடைக்காரரிடம் வெட்டுக்காயம் என்று சொல்லி மாத்திரை கேட்டேன். அவர் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார்.

"சார், உங்களுக்கு சுகர் இருக்குல்ல? டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்."

"பொண்ணுக்குப் பரீட்சை நடக்குதுங்க. முடிஞ்சதும் காட்டிடுறேன்."

"ஓ, பிளஸ் டூவா? சரி சரி. அதான் முக்கியம்" என்று மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுத்தார். பரீட்சை என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் மறுபேச்சு இல்லை.

பிறகு வாடை வந்தது. அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்று மனைவி மூன்று முறை பரணைக் காலி செய்தாள். அவளோடு சேர்ந்து நானும் டார்ச் அடித்து எலியைத் தேடினேன். வியர்த்துக் களைத்துப்போய், "எங்கதான் கெடக்குதோ, தெரியலியே" என்று அவள் உட்கார்ந்தபோது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தையும் அவளிடம்தான் காட்டினேன். "பொண்ணு படிக்கிற நேரத்துல என்ன உருட்டல் இது?" என்று கத்தினேன்.

இயற்பியல் முடிந்து, கணிதப் பரீட்சைக்கு முதல் நாள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிர் மேசையில் ஓய்வுபெற இரண்டு வருடமே இருந்த ஓர் அம்மாள் உண்டு. அவர் குனிந்து எதையோ எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், உங்க காலடியில எறும்பு சாரை சாரையாப் போவுது. இனிப்பு எதாச்சும் சிந்திட்டீங்களா?"

பார்த்தேன். எறும்பு வரிசை என் ஷூவுக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே எத்தனை இருந்ததோ, கடித்ததோ கடிக்கவில்லையோ, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஷூவைக் கழற்றியதும் அந்த அம்மாள் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இன்னும் மூணு பேப்பர்தான் இருக்கு."

அவர் சொல்லவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆஞ்சியோ பண்ணது, பையனுக்கு பரீட்சை முடிஞ்சப்புறம்தான் தெரியும் சார்" என்றார். அவருடைய குரலிலும் பெருமை இருந்தது. நாங்கள் இருவரும் ஒரே ஜாதிப் பைத்தியங்கள்.

வேதியியல் பரீட்சை அன்று காலை மகளைத் தேர்வு மையத்தில் இறக்கிவிட்டேன். "நல்லா எழுதும்மா" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க ஜாக்கிரதையாப் போங்கப்பா" என்றாள். அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மார்ச் மாத வெயிலில் பல் கிட்டியது. எதிர் மேசை அம்மாள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, என் மனைவிக்கும் போன் செய்தார்.

டாக்டர் சாக்ஸை வெட்டி எடுத்தார். பெருவிரலும் அடுத்த விரலும் கருத்திருந்தன.

"இந்தக் காலோடயா ஆபீஸ் போயிட்டிருந்தீங்க?" என்றார். "ரெண்டு வெரல இன்னைக்கே எடுக்கணும். நாளைக்குன்னா பாதத்துக்கு என்னால உத்தரவாதம் சொல்ல முடியாது."

என் மனைவி அழவே இல்லை. இத்தனை நாள் எதற்குப் பயந்து ஒளித்தேனோ, அது நடக்கவே இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் போட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து, "எலி தேடுனீங்களே, என்கூட சேர்ந்து" என்று மட்டும் சொன்னாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த நிலையிலும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு என்ன தெரியுமா? உயிரியல் இன்னும் பாக்கி, மகளிடம் சொல்லக்கூடாது. அப்பாவுக்கு அவசர மீட்டிங், புதுச்சேரி போயிருக்கிறார் என்று சொல்லி அவளை வீட்டில் கொண்டுபோய் விடும்படி எதிர் மேசை அம்மாளை அனுப்பினோம். அங்கே நடந்ததை அவர் பிறகு சொன்னார். தேர்வு மைய வாசலில் என் மகள் அவரைக் கண்டதும் நின்றுவிட்டாளாம். அவர் மீட்டிங், புதுச்சேரி என்று ஆரம்பித்தாராம்.

"எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க ஆன்ட்டி" என்றாளாம்.

நான் அறுவை அறைக்குள் போவதற்கு முன் அவள் வந்துவிட்டாள். கையில் பேனா, ஹால் டிக்கெட். என் நெற்றியில் கை வைத்துச் சூடு பார்த்தாள். அவ்வளவுதான். இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்த உயிரியலை அவள் போய் எழுதினாள்.

எழுதி முடித்துச் சீருடையோடு அவள் வந்த அன்று மாலை டாக்டர் கட்டுப் பிரித்துப் பார்த்தார். புண் நன்றாக ஆறுகிறது என்று அவருக்கு உற்சாகம். "ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா வெறும் டிரெஸ்ஸிங்லயே போயிருக்கும் சார்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மகள் விரல் விட்டு நாட்களை எண்ணுவதைப் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும்ப்பா. பிசிக்ஸுக்கு முதல் நாள் நீங்க குளிச்சிட்டு நடந்துபோன எடத்துல ரத்தக் கறை இருந்துச்சு. அம்மா பார்த்தா அழும்னு நான்தான் தொடைச்சேன். மறுநாளும் தொடைச்சேன். பரீட்சை முடியட்டும், நானே உங்கள டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவலாம்னு நெனச்சேன். நான் படிக்காம இதையே நெனச்சுட்டு இருக்கேன்னு தெரிஞ்சா நீங்க ரொம்ப ஒடஞ்சு போயிடுவீங்கன்னு..."

அவள் மேலும் கேட்டாள்.

"அன்னைக்கே நான் சொல்லியிருந்தா வெரல் இருந்திருக்கும்லப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பழகிய நாக்கு. கட்டிலின் அந்தப் பக்கம் பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்த என் மனைவி, "இப்பவாவது உள்ளதச் சொல்லுங்க" என்றாள்.

"இருந்திருக்கும்" என்றேன். "ஆனா சொல்ல வேண்டியவன் நான். என் கால். நீ சின்னப் பொண்ணு. உன்மேல ஒரு தப்பும் இல்ல."

ஆனா என்பதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவள் காதில் விழவில்லை. முதல் சொல்லிலேயே அவள் முகம் மாறிவிட்டது. கட்டிலின் கம்பியில் தலையை வைத்து, இத்தனை நாளும் அழாத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதாள். எந்தக் கவலையும் அவளைத் தொடக்கூடாது என்று மாதக்கணக்கில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். அவளோ உள்ளே தனியாக உட்கார்ந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இரண்டு வருடம் ஆகிறது. இப்போது புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். உன்மேல தப்பில்லை என்பதை எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டேன். "தெரியும்ப்பா" என்கிறாள். ஆனாலும் தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டதும், சாப்பிட்டீர்களா என்பதற்கு முன்னால், "காலக் காட்டுங்கப்பா" என்பதுதான் முதல் பேச்சு. போனை இறக்கி இடது கால், வலது கால், அடிப்பாதம், விரலிடுக்கு எல்லாம் காட்டுவேன். ஒன்றும் இல்லை என்று அவள் கண்ணாலேயே பார்த்து முடித்த பிறகுதான் கல்லூரிக் கதைகள் ஆரம்பிக்கும். இந்த வயதில் ஒரு பெண்ணுக்கு இது வேண்டுமா என்று ஒவ்வொரு நாளும் எனக்கு வலிக்கிறது. இருந்தாலும் காட்டுகிறேன். காட்டாமல் இருந்து பார்த்தாயிற்று.