ஞாயிற்றுக்கிழமை மட்டும் எரிந்த விளக்கு

எனக்குக் கோபம் வர இரண்டு காரணம் போதும். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது போன் அடிப்பது ஒன்று. எரியாத எச்சரிக்கை விளக்கை வந்து பாருங்கள் என்று கூப்பிடுவது இன்னொன்று. அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன.

மண் அள்ளும் வண்டிகளின் இன்ஜினில் லேப்டாப்பை மாட்டி, என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. வீடு சூரமங்கலத்தில். ஆத்தூர் பக்கமோ திருச்செங்கோடு பக்கமோ, எங்கே மஞ்சள் விளக்கு எரிந்தாலும் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுவேன். ஆள் கொஞ்சம் குள்ளம். அந்தக் 'கொஞ்சம்' நானாகச் சேர்த்துக்கொண்டது. பின்னால் தேவைப்படும் விஷயம் என்பதால் வெட்கத்தை விட்டுச் சொல்லிவைக்கிறேன்.

போனில் பேசிய பெண், திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் வழியில் ஒரு தோட்டத்தில் குடியிருப்பவர். கணவர் சொந்தமாகப் பொக்லைன் வாங்கித் தானே ஓட்டுகிறவர்.

"ஏனுங்ணா, அந்த லைட்டு மறுக்காவும் எரிஞ்சுச்சுங்ணா. இவரு வண்டிய வித்துப்போடறேன்னு பார்ட்டிக்குப் போன் பண்ணீட்டாருங்க. சாயந்தரம் வந்து பாக்கறாங்களாமா. எப்படியாச்சும் வந்து கண்டுபுடிச்சுக் குடுங்ணா."

"இப்ப எரியுதுங்களா?"

"இல்லீங்ணா. இப்பத்தான் அணைஞ்சுச்சு."

இலையைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் பார்வையை இங்கே எழுத முடியாது.

கோபம் அந்தப் பெண்மேல் அல்ல, என்மேல்தான். அந்த வண்டியை ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தாயிற்று. ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து இன்ஜினுக்குச் சேதி சரியாகப் போகவில்லை என்று லேப்டாப் சொன்னது. சேதி போகாவிட்டால் இன்ஜின் பாதுகாப்புக்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எவ்வளவு மிதித்தாலும் முனகுமே தவிர மண் அள்ளாது. முதல் தடவை பெடலையே மாற்றினேன். இரண்டாம் தடவை ஒயர் முனைகளையெல்லாம் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். இரண்டு தடவையும் "இனிமேல் வராது" என்று மார்தட்டிவிட்டு வந்தேன். வந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கணவர் வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறடி ஆள். விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்ட நிம்மதி முகத்தில் தெரிந்தது. கோளாறுக்குக் காரணம் அவருக்கு எப்போதோ தெரியும்: சனி. ஏழரை தொடங்குகிறது என்று ஜோசியர் சொன்னதிலிருந்து அவர் சனிக்கிழமை வண்டியைத் தொடுவதில்லை. விடிந்ததும் நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானம்தான் வீடு திரும்புவார். அதற்குப் பிறகுதான் விளக்கும் எரியத் தொடங்கியது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்.

"வடமாலை கூடச் சாத்திப்போட்டனுங்க சார். ஞாயித்துக்கெழம எந்திரிச்சு வண்டிய எடுத்தா டிங்குங்குது. மத்தியானமானா அதுவே அணைஞ்சுக்குது. பின்னாடி பாக்கற கண்ணாடியப் பாருங்க, வெள்ளிக்கெழம நல்லாத்தான் இருக்குது, ஞாயித்துக்கெழமையானா கீழ பாத்துட்டு நிக்குது. நம்மளுக்கு ராசியில்லீங்க, உட்ருங்க."

ஆஞ்சநேயருக்கே அடங்காத விளக்கு எனக்கு அடங்குமா என்று மனசுக்குள் முனகிக்கொண்டே வண்டியிடம் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. முன்பெல்லாம் கீழே நின்றபடி லேப்டாப்பைப் படியில் வைத்துத்தான் வேலை பார்த்தேன். அன்று நிழலுக்காக மேலே ஏறிச் சீட்டில் உட்கார்ந்தேன். கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன். சாவியைப் போட்டு, லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். பழைய கோளாறு பதிவாகி இருந்தது. இப்போது ஒன்றுமில்லை, எல்லாம் சுகம் என்றது லேப்டாப்.

அந்தப் பெண் மோர்ச் சொம்போடு வந்து கதவோரம் நின்றார். "தெரிஞ்சுதுங்களாண்ணா?" என்று கேட்ட குரலில் இருந்த பதற்றம் எனக்குப் புரியவில்லை. வண்டி விற்றால் காசு வரத்தானே போகிறது? ஒன்றும் தெரியவில்லைங்க, விற்பதானால் விற்றுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்தவர் வண்டியாயிற்றே என்று சீட்டைப் பழையபடி பின்னால் தள்ளினேன்.

டிங்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை என் கல்யாணத்தில் கூடப் பட்டதில்லை. சீட்டை முன்னே இழுத்தேன், அணைந்தது. பின்னே தள்ளினேன், எரிந்தது. காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் விஷயம் அங்கே கிடந்தது. பெடலுக்குப் போகும் ஒயரைத் தரையோடு பிடித்திருந்த கிளிப் உடைந்து, ஒயர் சீட்டு நகரும் தண்டவாளத்துக்கு அடியில் சரிந்திருந்தது. சீட்டு போகவர உரசி உரசித் தோல் உரிந்து, உள்ளே செம்புக் கம்பி பல்லைக் காட்டியது. சீட்டைப் பின்னால் தள்ளினால் செம்பு இரும்பில் படும். அரை நாள் குலுக்கலில் தானாக விலகிக்கொள்ளும்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சீட்ட யாருங்க முன்னாடி இழுக்கறது?"

"ஆரும் இல்லீங்களே. நான் இழுத்தா முட்டி போயி ஸ்டியரிங்குல இடிக்கும். வேற ஆளு இந்த வண்டியத் தொடறதே இல்லீங்க சார்."

மறுபடியும் சீட்டில் உட்கார்ந்து நிமிர்ந்தேன். கீழே பார்க்கிறது என்று அவர் திட்டிய கண்ணாடி எனக்குக் கச்சிதமாக இருந்தது. பின்னால் இருக்கும் தென்னை வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. அதைத் திருப்பி வைத்தவர் என் உயரம்தான் இருக்க வேண்டும். கதவோரம் நின்ற பெண்ணைப் பார்த்தேன். அவரும் என் உயரம்தான். அவர் என் பார்வையைத் தவிர்த்து மோரைக் கலக்க ஆரம்பித்தார்.

நான் டேப்பை எடுத்து மும்முரமாக ஒயரில் சுற்ற ஆரம்பித்தேன். "ரோடு மோசம் பாருங்க, குலுங்கிக் குலுங்கிச் சீட்டு தானா நகர்ந்திருக்கும்" என்றேன். தொழிலில் நான் சொன்ன படுமட்டமான விளக்கம் அதுதான்.

"அண்ணா, நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாங்க" என்றார் அவர். பிறகு கணவரைப் பார்த்து, "நாந்தானுங்க. எங்கப்பா ஊட்டுல டிராக்டர் ஓட்டுனவதான நானு. சனிக்கெழம நீங்க கோயிலுக்குப் போனதும் மேட்டுக்காட்டுல எடுத்து ஓட்டிப் பழகுனேன். கேட்டாச் சிரிப்பீங்கன்னு சொல்லல. சீட்டத் திருப்பித் தள்ளித்தான் வெச்சேன். அதுல இப்படி ஆகும்னு சத்தியமாத் தெரியாதுங்க. இப்ப வண்டி போயிருச்சுன்னா நான் எதுலீங்க ஓட்டறது?"

கணவர் ஒவ்வொன்றாகக் கணக்குச் சேர்த்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"டீசலு கொறஞ்சதே தெரியலையே?"

"நாந்தான வாங்கி ஊத்தறேன்."

"மேட்டுக்காட்டு வரப்பு ஒடஞ்சு கெடந்துதே, அது?"

"நாந்தான் மண்ணு போட்டுச் சரிபண்ணுனேன்."

"அடக் கருமமே! பக்கத்துத் தோட்டத்துக்காரரு பண்ணுனாருன்னு அவருக்கு ஒரு தார் வாழப்பழம் கொண்டுபோய்க் குடுத்தனே! அவரும் வாயத் தொறக்காம வாங்கிக்கிட்டாரே!"

முதலில் சிரித்தது நான். பிறகு அந்தப் பெண். கடைசியில் அவராலும் அடக்க முடியவில்லை.

ஒயரைப் புதுக் கிளிப் போட்டுத் தரையோடு இறுக்கினேன். "ஏறு அம்மிணி, பாக்கலாம்" என்றார் கணவர். அந்தப் பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். சீட்டை முன்னால் இழுத்தார், கண்ணாடியைக் கீழே திருப்பினார், சாவியைத் திருகினார். விளக்கு எரியவில்லை. வண்டி மேட்டுக்காட்டுப் பக்கம் நகர்ந்தது. "மெதுவா, மெதுவா, பக்கெட்டத் தூக்கு" என்று கணவர் கத்திக்கொண்டே கூட நடந்தார். கொஞ்ச நேரத்தில் கத்துவதை நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றார்.

அப்போதுதான் வண்டி வாங்கும் பார்ட்டி வந்து இறங்கினார். "வண்டி குடுக்கறதுன்னு சொன்னீங்க?"

"குடுக்கறதில்லீங்க. கோளாறு தெரிஞ்சுபோச்சு."

"என்ன கோளாறுங்க?"

கணவர் வண்டியைக் கை காட்டினார். "என்ற ஊட்டுக்காரி" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை எந்த லேப்டாப்பிலும் படித்திருக்க முடியாது.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. சரியாக இலைக்கு முன்னால் உட்காரும் நேரம். அதே தோட்டத்து வீட்டிலிருந்து போன். மறுபடியும் விளக்கா என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். கணவர்தான்.

"லைட்டெல்லாம் எரியலீங்க சார். அம்மிணிக்கு லைசென்ஸ் வந்துருச்சு, அதச் சொல்லலாமுன்னுதான் கூப்பிட்டேன்" என்றார். பிறகு சலித்துக்கொள்கிற மாதிரி, ஆனால் சலிப்பே இல்லாமல், "அந்தக் கண்ணாடிதானுங்க, இப்ப எந்த நாளுப் பாத்தாலும் கீழயே பாத்துட்டு நிக்குது" என்றார்.