மிளகாய் போடும் முன்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினியில் இருந்தது நாலு பேர். அம்மா, அக்கா, அக்காவின் கணவரான மச்சான், நான். அப்பா இல்லை. உப்பு ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போன தோணியில் இருந்தார். காற்றைப் பொறுத்துத்தான் திரும்புவார். மச்சானின் தாயாரை அம்மா நேரில் போய்க் கூப்பிட்டும் அவர் வரவில்லை. மூட்டுவலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்கு முன்பே ஏதோ தெரிந்திருக்கும் என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

சமையல் செய்யும் இடத்தைக் குசினி என்றுதான் எங்கள் கடற்கரைத் தெருவில் சொல்வோம். எங்களுடையது வீட்டின் பின்சுவரில் சாய்த்து இறக்கிய ஓலைச் சாய்ப்பு. இரண்டு பேருக்கு மேல் நின்றால் ஒருவர் முதுகு புகைச்சுவரில் உரசும். ஆண்கள் அதற்குள் வருவதே அபூர்வம். அன்று மச்சான்தான் நடுவில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்.

மச்சான் வெளிநாட்டுக் கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர். கல்யாணமாகி இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனவர் மூன்று வருடம் கழித்து அப்போதுதான் வந்திருந்தார். மாதக் கடைசியில் பம்பாய்க்குப் போய் மறுபடி கப்பல் ஏற வேண்டும். அக்காவுக்கு ஒரே நினைப்பு, அவர் ஏறக் கூடாது. புதுத் துறைமுகத்தில் ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. கப்பலில் விஞ்ச் பிடித்த கைக்குக் கரையில் கிரேன் ஓட்டுகிற வேலை நிச்சயம் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். மனுவை நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. முதல் வருடம். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டும்போதெல்லாம் மச்சான், “அங்கன வைலே காலேஜு, பாப்போம்” என்பார். அது ஜன்னல் கட்டையில் கிடந்து உப்புக்காற்றில் நமுத்துப் போனது.

வந்த நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா விளமீன் குழம்பு வைத்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். நண்டு வாங்கினால் இரண்டு கால் உடைத்துவிட்டுக் கை கழுவுவார். மூன்று வருடமும் அவருடைய கப்பல் மெக்சிகோ கரையோரமே ஓடியதாம். அங்கே ஒரு ஓட்டலில் சாப்பிட்ட பண்டத்தைப் பற்றி மட்டும் பேசுவார். அதைப் பேசும்போது முகம் மாறும்.

“ஹார்பர விட்டு வெளிய வந்ததும் அந்த ஓட்டல்தான். ரொட்டிக்குத் தொட்டுக்க வைப்பான். பச்சச் சோளம், பல்லாரி வெங்காயம், மல்லி எல, எலுமிச்சச் சாறு. சல்சான்னு பேரு. நம்ம சம்பல் மாதிரின்னு வச்சுக்கோயேன்.”

“சோளத்துல சம்பலா!” என்றாள் அம்மா. “பள்ளிக்கூடத்துல மஞ்சச் சோளக் கஞ்சி ஊத்துனப்போ மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுன பயதான் இந்தா நிக்கான். நீங்க காசு குடுத்துத் தின்னேன்னு சொல்லுதிய, மருமவனே.”

மச்சான் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்ததும் அக்காவுக்கு யோசனை வந்துவிட்டது. மறுநாள் காலையில் துணி துவைத்துக்கொண்டே என்னைக் கேட்டாள்: “ஓட்டல்ல கெடைக்கது வீட்டுலயே கெடைச்சா, அதுக்கப்புறம் எதுக்குலே அவ்வளவு தூரம் போவணும்?”

நானும் தலையாட்டினேன். அவளைத் தேற்றுவதற்காக ஆட்டவில்லை, உண்மையாகவே நம்பினேன். வேதியியல் வகுப்பில் இன்னதோடு இன்னது சேர்ந்தால் இன்னது வரும் என்று படித்துக்கொண்டிருந்த காலம். சேர்மானம் தெரிந்தால் எதையும் செய்துவிடலாம், செய்துவிட்டால் மனிதரையும் இருத்திவிடலாம் என்று எனக்கும் தோன்றியது.

மார்க்கெட்டில் பச்சைச் சோளம் இல்லை. கடற்கரையில் கரியடுப்பு வைத்து மக்காச்சோளம் சுட்டு விற்கும் பெண்ணிடம் போனேன். சுட்டதா அவித்ததா என்று கேட்டாள். இரண்டும் வேண்டாம், தோகையோடு பச்சையாக வேண்டும், எட்டுக் கதிர் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“வீட்டுல மாடு நிக்கா அண்ணாச்சி?”

“இல்ல, விருந்து.”

“மாட்டுக்கா?” என்று கேட்டுவிட்டு, அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வண்டிக்காரனும் திரும்பிப் பார்த்தான். ஆனாலும் இளங்கதிராகப் பார்த்து, மணியை நகத்தால் கீறிப் பால் வருகிறதா என்று பார்த்துத்தான் கொடுத்தாள். அந்த ஓட்டலில் போடுகிற பெரிய பச்சை மிளகாய் இங்கே ஏது? பஜ்ஜி மிளகாய் வாங்கினேன். காரத்துக்குச் சின்ன மிளகாய் வீட்டில் இருந்தது.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வேலை தொடங்கியது. அக்கா நல்ல சேலையை மாற்றாமலே கதிர்களைக் குண்டானில் போட்டு அவிக்கத் தண்ணீர் வைத்தாள். திண்டில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த மச்சான் எட்டிப் பார்த்தார்.

“ஏளா, குழைய விட்டுராத. ஒரு கொதி போதும். எடுத்துக் கங்குல காட்டணும்.”

“இந்தக் கங்கு காணுமா?”

“காணாது. தள்ளு, நான் பாக்கேன்.”

இப்படித்தான் அவர் உள்ளே வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். கங்கை விசிறிக் கதிரைப் புரட்டிப் புரட்டிச் சுட்டார். அங்கங்கே மணி கறுத்து வெடித்தது. பிறகு ஒரு வட்டிலில் கதிரைச் செங்குத்தாக நிறுத்தி, கத்தியை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார். மணிகள் வரிசை கலையாமல் பாளம் பாளமாக விழுந்தன. ஒன்றுகூட வெளியே தெறிக்கவில்லை. பஜ்ஜி மிளகாயைத் தீயில் காட்டித் தோல் கருகியதும் ஈரத்துணியில் பொதிந்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் துணியோடு உருட்ட, தோல் தானாகக் கழன்று வந்தது. பல்லாரியை என்னிடம் தந்து சோளமணி அளவுக்கு அரியச் சொன்னார். நான் அரிந்ததைப் பார்த்துவிட்டு, “காலேஜுல இதெல்லாம் சொல்லிக் குடுக்க மாட்டானுவளோ?” என்று வாங்கி அவரே அரிந்தார். அரிந்ததை உப்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்தார்.

“எதுக்கு அலசுதிய?” என்று அம்மா கேட்டாள்.

“காந்தல் போயிரும் அத்த. பச்சையாத் திங்கதுல்லா.”

“இதெல்லாமா ஓட்டல்காரன் காட்டித் தருவான்?”

“பாத்துக்கிட்டே இருப்போம்” என்றார்.

அக்கா பக்கத்தில் குந்தி மல்லி இலையை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நெருக்கமாக இருவரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவள் முழங்கை அவர் முழங்கையில் பட்டது. அவர் நகர்த்திக்கொள்ளவில்லை. “கிரேன்ல ஏறி உக்காந்தா வீட்டு ஓடு தெரியுமாமே?” என்று அவள் கேட்டதற்கு, “தெரியும், நீ துணி காயப்போடுததும் தெரியும்” என்றார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எழுதிக் கொடுத்த மனுவில் அன்று சாயங்காலமே கையெழுத்து வாங்கிவிடலாம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

மணியும் வெங்காயமும் தோலுரித்த மிளகாயும் மல்லியும் ஒன்றாக விழுந்தன. எலுமிச்சை பிழிந்து, உப்புத் தூவி, கையாலேயே பிரட்டினார். சின்ன மிளகாயைப் பொடிப்பொடியாக அரிந்து பக்கத்தில் வைத்திருந்தார். அதைப் போடப் போனவர் நிறுத்தி, எட்டி ஒரு சிறு கிண்ணத்தை எடுத்தார். வட்டிலிலிருந்து இரண்டு கைப்பிடி அள்ளி அதில் போட்டு, கையெட்டும் தூரத்தில் தனியாக ஒதுக்கி வைத்தார். பிறகு வட்டிலில் மிளகாயைக் கொட்டிப் பிரட்டத் தொடங்கினார். இதெல்லாம் அவர் யோசித்துச் செய்யவில்லை, கை அது பாட்டுக்குச் செய்தது.

அம்மாதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “காரம் போடுததுக்கு முன்னால பிள்ளைக்கு எடுத்து வைக்க மாதிரில்லா எடுத்து வைக்கிய, மருமவனே!”

எங்கள் பக்கம் எந்தத் தாயும் செய்வதுதான். குழம்பில் மிளகாய் விழும் முன் பாலகனுக்கு ஒரு கரண்டி. அதனால்தான் அம்மா வாயில் அது அவ்வளவு சுலபமாக வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் குழந்தை கிடையாது. அக்காவுக்கு அந்த இரண்டு மாதத்தில் பிள்ளை தங்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடிக்கிறவர்கள்.

மச்சானின் கை வட்டிலுக்குள் நின்றுவிட்டது. அம்மாவின் சிரிப்பும் பாதியில் நின்றது.

“யாருக்கு எடுத்து வச்சிய?” என்று அக்கா கேட்டாள்.

“சும்மா. பழக்கத்துல எடுத்துட்டேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தவருக்கு அந்தப் பழக்கம் வராது. கங்கில் காட்டவும், துணியில் பொதியவும், வெங்காயத்தை அலசவும் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பலநாள் சேர்ந்து செய்த கை அது.

அக்கா மல்லித் தண்டுகளை ஒன்றாகக் கூட்டிச் சுளகில் போட்டாள்.

“ஆணா, பொண்ணா?”

குண்டானில் தண்ணீர் வீணாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

“பொண்ணு” என்றார்.

“எத்தன வயசு?”

“ரெண்டு முடிஞ்சிருக்கும்.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அக்கா அழுவாள், வட்டிலைத் தூக்கி எறிவாள் என்று பயந்தேன். அவள் நாலு தட்டு எடுத்து, நாலிலும் பரிமாறினாள். தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து மென்று விழுங்கினாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

நல்லாத்தான் இருந்தது. இனிப்பும் புளிப்பும் கரிவாசமும், கடைசியில் காரமும். அதன் ருசியை நான் குறை சொல்ல மாட்டேன். மச்சான் தொடவே இல்லை. அந்தச் சிறு கிண்ணம் சாயங்காலம் வரை இருந்த இடத்திலேயே இருந்தது. விளக்கேற்றப் போன அக்கா அதை எடுத்து, நின்றபடியே முழுவதையும் தின்றாள். பிறகு கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் இருந்த நாட்களில் அம்மா அவரோடு பேசவில்லை. என்னிடம் பேசுகிற சாக்கில் அவர் காதில் விழப் பேசினாள். பங்குச்சாமியிடம் சொல்லலாம், பெரியவர்களைக் கூட்டலாம், அப்பா வரும் வரை பெட்டியை எடுக்கவிடக் கூடாது என்றாள். அக்கா எதற்கும் இணங்கவில்லை.

“அப்பா வந்து என்னம்மா செய்வாரு? கட்டிப் போடுததுக்கு அவரு என்ன தோணியா?”

“அப்ப நீ இப்படியே நிக்கப் போறியா?”

“நிக்காம? கோயில்ல வச்சுக் கட்டுனத அவுக்கவா முடியும்?”

நான் மட்டும் ஒருமுறை மச்சானிடம் போய் நின்றேன். நிறையக் கேட்க நினைத்திருந்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல், “அவ நல்லவலே, உங்க அக்கா” என்றார். துறைமுக மனுவை அன்றே கிழித்து அடுப்பில் போட்டேன்.

போகிற காலையில் தகரப்பெட்டி வாசலில் இருந்தது. அம்மா வெளியே வரவில்லை. மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு, அக்காவைப் பார்க்காமல் சொன்னார்: “ஒனக்கு ஒரு கொறையும் வராது. பணம் அனுப்புதேன்.”

அதுவரை அவர் நினைத்தால் அனுப்புவார். சில மாதம் வரும், சில மாதம் வராது.

“நெனச்சா அனுப்புதது வேண்டாம்” என்றாள் அக்கா. “கம்பெனில எழுதிக் குடுத்துருங்க. சம்பளத்துல பிடிச்சு நேரா இங்கன வரணும். இவன் படிச்சு முடிக்க வரைக்கும். அதுக்கப்புறம் ஒரு காசு எனக்கு வேண்டாம்.”

“எனக்கு வேண்டாம்க்கா, நான் காலேஜை நிப்பாட்டிக்கிடுதேன்” என்றேன்.

“நீ சும்மா கெடலே.”

கம்பெனி அந்தப் பணத்தை ஒரு மாதமும் தவறவிடவில்லை. அதில்தான் பரீட்சைக் கட்டணம் கட்டினேன், அதில்தான் பட்டம் வாங்கினேன். அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கி, நோட்டைப் பிரித்துப் பார்க்காமல் அம்மா கையில் கொடுப்பாள். கொச்சியிலிருந்து திரும்பிய அப்பா நடந்ததைக் கேட்டுவிட்டு, அதன்பிறகு எங்கள் வீட்டுச் சோற்றைப் பாதியோடு வைத்துவிட்டு எழுந்திருக்கப் பழகிக்கொண்டார்.

அன்று வாசலில் மச்சான் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கேட்டார்: “எவ்வளவுன்னு எழுதட்டும்?”

அக்கா யோசிக்கவில்லை. என் படிப்புச் செலவை முந்தின நாளே எண்ணி வைத்திருந்தாள் போலிருக்கிறது.

“நூத்தைம்பது” என்றாள். “மாசம் நூத்தைம்பது ரூவா.”